டைனி கம்ப்யூட்டரில் நான்கு பெரிய ஹார்ட் டிஸ்க்: சாட்டா போர்ட்டுக்கு என்ன வழி?

கும்பகோணம்_வீடியோ:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000-க்குப் பிறகு பல வருடம் கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறைப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் நான். எல்லாம் மினிடிவி டேப். வீட்டுக்காரர்களுக்கு டிவிடி போட்டுக் கொடுத்துவிட்டு டேப்பை நாங்களே வைத்துக்கொள்வது அப்போது வழக்கம். அப்படிச் சேர்ந்தது முந்நூறுக்கு மேல் பீரோவில் கிடக்கிறது. காவிரிக்கரை ஈரத்தில் சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை ஏற ஆரம்பித்துவிட்டது. அந்தக் கல்யாணங்களில் பந்தியில் ஓடி விளையாடிய பிள்ளைகள் இப்போது வந்து, "எங்க தாத்தா இருக்கிற வீடியோ வேணும்" என்று கேட்கிறார்கள். கொடுத்த டிவிடியெல்லாம் கீறல் விழுந்து எப்போதோ போய்விட்டது.

ஃபயர்வயர் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு டேப்பாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி. அப்படியானால் டேப் மட்டுமே 4 டிபி. பிற்பாடு எடுத்த ஹெச்டி வீடியோவும் ஆல்பம் ஃபோட்டோக்களும் தனி. இப்போதைக்கு இரண்டு 4 டிபி, இரண்டு 8 டிபி ஹார்ட் டிஸ்க், நான்குமே 3.5 இன்ச், கையில் இருக்கின்றன. 8 டிபி இரண்டும் யூஎஸ்பி பெட்டியோடு வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர், ஒரு ஒயர், மேஜைக்கடியில் கால் வைக்க இடமில்லை.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ டைனி வாங்கினேன். ஐ5-8400டி பிராசஸர், 16 ஜிபி மெமரி, 256 ஜிபி என்விஎம்இ (எம்.2 என்கிற சின்ன ஸ்லாட்டில் செருகும் எஸ்எஸ்டி), 65 வாட் அடாப்டர். சத்தமே இல்லை, கூடத்து அலமாரியில் டிவிக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறது. வீட்டில் அதற்கு மட்டும்தான் அனுமதி, பெரிய கேபினெட் கூடத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

பிரச்சினை, இதில் 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று போடத்தான் இடம், டிஸ்க்கை மாட்டுகிற சாட்டா போர்ட்டும் ஒன்றே ஒன்று. கடையில் கேட்டால், "இதுல ஏத்த முடியாது சார், நாஸ் பெட்டி வாங்கிக்கங்க" என்கிறார்கள் (நெட்வொர்க்கில் மாட்டுகிற தனி டிஸ்க் பெட்டி). நெட்டில் பார்த்தால் எம்.2 ஸ்லாட்டில் செருகுகிற ஆறு போர்ட் கார்டு இருக்கிறது, நீளமான பிசிஐஇ கார்டு இருக்கிறது, யூஎஸ்பி டாக் இருக்கிறது, இருபது போர்ட் என்றுகூட ஒன்று விற்கிறது. இந்த மெஷினுக்கு எது சரி? இந்த 65 வாட் அடாப்டர் நான்கு டிஸ்க்கைத் தாங்குமா?

மதுரை_மல்லி:

எதற்கு சார் இவ்வளவு வேலை? நான்கு டிஸ்க் போடுகிற யூஎஸ்பி டாக் ஒன்று வாங்குங்கள், ஒரே ஒயர், ஒரே அடாப்டர், வேலை முடிந்தது. என்னிடம் இரண்டு டிஸ்க் டாக் நன்றாகத்தான் ஓடுகிறது.

தறிச்சத்தம்:

அண்ணா, ஈரோடு, சோமனூர்ப் பக்கம் மில் ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். ஆபீஸ்களில் கழித்துக்கட்டுகிற டைனி மெஷின்கள்தான் என் வீட்டில் பாதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மதுரை நண்பர் சொன்ன டாக். தப்பு என்று சொல்லமாட்டேன். பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கிற டிஸ்க்குக்கு டாக்தான் சரி. ஆனால் நான்கு டிஸ்க்கும் இரவும் பகலும் ஓட வேண்டும் என்றால் நான் பரிந்துரைக்கமாட்டேன். பல நான்கு-டிஸ்க் டாக்குகளில் உள்ளே ஒரே ஒரு யூஎஸ்பி-சாட்டா சிப், அதன் பின்னால் ஒரு பிரிப்பான் சிப். ஒரு டிஸ்க் தடுமாறி அந்த சிப் ரீசெட் ஆனால் நான்கும் சேர்ந்து ஒரு நொடி காணாமல் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் ஃபைல் சிஸ்டம் பாவம். சில டாக் டிஸ்க்கின் சீரியல் நம்பரை மறைத்து நான்குக்கும் ஒரே பெயரைக் காட்டும். சில டாக்கில் ஸ்மார்ட் விவரமே (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற கணக்கு) ஒழுங்காக வராது. டிஸ்க் சாகப்போகிறதா என்று தெரியாமல் கல்யாண வீடியோவை அதில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த இருபது போர்ட் கார்டைத் தொடவே வேண்டாம். அதுவும் இதே கதைதான். உண்மையான கன்ட்ரோலர் சிப்பில் நான்கு, ஐந்து போர்ட்தான் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டின் பின்னாலும் ஜேஎம்பி575 போன்ற போர்ட் மல்டிப்ளையர் வைத்து ஐந்தாகப் பிரித்திருப்பார்கள். ஒரு குழாயில் ஐந்து வீட்டுக்குத் தண்ணீர் பிரிப்பது மாதிரி.

இப்போது உங்கள் மெஷின். எம்720க்யூவில் வெளியே எடுக்கக்கூடிய பிசிஐஇ வழி, அதாவது கூடுதல் கார்டு மாட்டுகிற பாதை, மூன்று உண்டு.

ஒன்று, என்விஎம்இ போட்டிருக்கிற எம்.2 ஸ்லாட். ஏஎஸ்எம்1166 சிப் வைத்த ஆறு போர்ட் கார்டோ, ஜேஎம்பி585 வைத்த ஐந்து போர்ட் கார்டோ இதில் வேலை செய்யும். ஆனால் இந்த மாடலில் அந்த ஸ்லாட் மெமரியோடு சேர்ந்து மெஷினின் அடிப்பக்கம் இருக்கிறது. கார்டில் சாட்டா ஒயரைச் செருகினால் அடி மூடி மூடாது. மெஷினைத் திறந்துபோட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். கூடத்து அலமாரியில், அதுவும் உங்கள் வீட்டு உத்தரவு இருக்கும்போது, அது நடக்காது. தவிர, சிஸ்டம் இருக்கிற என்விஎம்இ-யையும் அங்கிருந்து கிளப்பி 2.5 இன்ச்சுக்கு மாற்ற வேண்டும்.

வேறு மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம்: எம்.2 என்று இருந்தாலே இந்தக் கார்டு ஓடும் என்று நினைக்காதீர்கள். சில பழைய போர்டுகளில் எம்.2 ஸ்லாட் சாட்டா மட்டும்தான், பிசிஐஇ கிடையாது. அதில் இந்தக் கார்டைச் செருகினால் உயிரே வராது. அந்த ஸ்லாட்டில் என்விஎம்இ ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, வைஃபை கார்டு செருகுகிற சின்ன ஸ்லாட். அதில் ஒரு லேன் (டேட்டா ஓடுகிற ஒரு தடம்) பிசிஐஇ வருகிறது. இரண்டு போர்ட் சாட்டா கார்டு அதற்கென்றே விற்கிறது. உங்களுக்கு நான்கு டிஸ்க், அதனால் போதாது. இரண்டே டிஸ்க் என்றால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. 2.5 இன்ச் டிஸ்க்கின் தட்டைக் கழற்றிவிட்டால் அந்த இடத்தில் ரைசர் என்கிற குறுக்குக் கார்டு செருகலாம். லெனோவோவே போடுகிற பாகம், நம்பர் 01ஏஜே940. எம்720க்யூ, எம்920க்யூ, பி330 டைனி மூன்றுக்கும் இது பொது. அடுத்து வந்த எம்90க்யூவுக்கு வேறு ரைசர், மாற்றி வாங்கிவிடாதீர்கள். செருகினால் லோ ப்ரொஃபைல் பிசிஐஇ ஸ்லாட் ஒன்று கிடைக்கும். பார்க்க பதினாறு லேன் நீளம், ஓடுவது எட்டு லேன். நெட்வொர்க் ஆட்கள் இந்த மெஷினில் நான்கு போர்ட் ஈதர்நெட் கார்டு போட்டு வீட்டு ஃபயர்வாலாக ஓட்டுவது இதே ஸ்லாட்டில்தான். சிஸ்டம் என்விஎம்இ-யிலேயே இருக்கட்டும், அதைத் தொட வேண்டியதில்லை.

ரைசரில் ஏஎஸ்எம்1166 வைத்த பிசிஐஇ கார்டு போடுங்கள், ஆறு போர்ட். ஜேஎம்பி585 மோசமில்லை. ஆனால் அது இருந்தால் பிராசஸர் ஆழமான தூக்கத்துக்குப் போக மறுக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற மெஷினில் அந்தச் சில வாட் கரண்ட் பில்லில் தெரியும். ஏஎஸ்எம்1166 இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதன் பழைய ஃபர்ம்வேரில் (கார்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருள்) மட்டும் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. ஆறு போர்ட் இருக்க, முப்பத்திரண்டு இருப்பதாகச் சொல்லும். லினக்ஸ் ஒவ்வொன்றாகக் கதவு தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்திருக்கும். ஃபர்ம்வேர் புதுப்பித்தால் சரியாகிவிடும், புதுப்பிக்காவிட்டாலும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

வேகம் போதுமா என்று யாராவது கேட்பார்கள். ஏஎஸ்எம்1166 எடுத்துக்கொள்வது மூன்றாம் தலைமுறை பிசிஐஇ இரண்டு லேன், நொடிக்கு ஏறக்குறைய 2000 எம்பி. ஒரு ஹார்ட் டிஸ்க் முக்கி முனகினால் 250 எம்பி. நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் பாதிதான். உங்கள் வீட்டு ஈதர்நெட்டில் எப்படியும் 110 எம்பிக்கு மேல் வராது, உங்கள் டேப்பிலிருந்து வருவதோ நொடிக்கு 3.6 எம்பி! வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

சர்வர்களிலிருந்து கழற்றிய எல்எஸ்ஐ டிஸ்க் கன்ட்ரோலர் கார்டுகளைப் பற்றியும் படித்திருப்பீர்கள். பிரமாதமான கார்டு, நானே வேறிடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் சர்வரின் புயல் காற்றை நம்பிச் செய்தது அது. டைனிக்குள் அடைத்தால் மே மாதக் கும்பகோணத்தில் வெந்துவிடும்.

போர்ட் கதை இவ்வளவுதான், இது சுலபமான பாதி. கரண்ட் எங்கிருந்து வரும், டிஸ்க் எங்கே உட்காரும் என்பதுதான் உண்மையான கேள்வி. கார்டை ஆர்டர் போடுவதற்கு முன் அதை முடிவு செய்யுங்கள்.

உங்கள் 65 வாட் அடாப்டர் தாங்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று 5 முதல் 8 வாட்தான் இழுக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நின்றிருக்கும் தட்டு சுழல ஆரம்பிக்கிற அந்தச் சில நொடி, 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். நான்கும் ஒன்றாக எழுந்தால் 8 ஆம்பியர், ஏறக்குறைய 96 வாட். தவிர டைனிக்குள் வருவது 20 வோல்ட். டிஸ்க்குக்கு வேண்டியது 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும். உள்ளேயிருந்து இழுப்பதை மறந்துவிடுங்கள்.

தனியாக ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது டெஸ்க்டாப் கேபினெட்டில் இருக்கிற பவர் சப்ளை, போடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற, 450 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய, தூக்கினால் காற்றடித்த பை மாதிரி இருக்கிற ரகம் வேண்டாம். 80 பிளஸ் முத்திரை உள்ள சின்ன வாட் ஒன்று போதும். கம்ப்யூட்டர் போர்டு இல்லாமல் அது தானாக ஓடாது. 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும், அதைப் பக்கத்துக் கறுப்பு ஒயரோடு சேர்த்தால் ஓடும். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் 16-ஆவது பின்.

நேரடியாகச் சேர்த்து வைத்தால் எஸ்எம்பிஎஸ் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் ஒரு 5 வோல்ட் ரிலே (கரண்ட் வந்தால் தானாக ஒட்டுகிற சுவிட்ச்) வையுங்கள். ரிலேயின் காயிலுக்கு டைனியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து கரண்ட், அதன் கான்டாக்ட்டில் பச்சையும் கறுப்பும். கம்ப்யூட்டர் ஆன் ஆனால் யூஎஸ்பியில் 5 வோல்ட் வரும், ரிலே ஒட்டும், டிஸ்க்குகள் எழும். ஷட் டவுன் செய்தால் தானாக அணையும். ஒரு கவனம், சில யூஎஸ்பி போர்ட்டில் கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் கரண்ட் நிற்கும். மெஷினை அணைத்துவிட்டு செல்ஃபோனைச் செருகிப் பாருங்கள், சார்ஜ் ஆகாத போர்ட்டில் ரிலேயை மாட்டுங்கள்.

டிஸ்க் வைக்க ஏதாவது பழைய இரும்புக் கடையில் பழைய கேபினெட்டின் டிரைவ் கேஜ் மட்டும் கழற்றித் தரச் சொல்லுங்கள். முன்னால் 120 மிமீ ஃபேன் ஒன்று கட்டாயம். ரப்பர் வாஷர் போட்டு மாட்டினால் அலமாரிப் பலகை உறுமாது. சாட்டா ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அரை மீட்டரில் முடிந்தால் நல்லது. கார்டின் பின்தகட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஒயர்களை வெளியே எடுங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக் உருக்கி ஊற்றினாற்போல் மூடிய மோலெக்ஸ்-சாட்டா (எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நான்கு பின் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு) மாற்று ஒயர் எங்காவது கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே ஒயர்கள் நகர்ந்து ஒட்டி, புகைந்து, டிஸ்க்கையும் சேர்த்து எரித்த கதை உலகம் முழுக்க உண்டு. பின்னால் மூடி கழற்றி, ஒயர் கடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற கிரிம்ப் ரகம்தான் வேண்டும்.

கும்பகோணம்_வீடியோ:

தம்பி, ரொம்ப நன்றி. கடைக்காரர் இதில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. ரைசர் ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம்.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, கூடத்தில் இருப்பது இரண்டு பின் பிளக்தான். மாற்றுக் கட்டை போட்டு ஓட்டலாமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் டிஸ்க்கும் டைனியும் சேர்ந்து நிற்குமா, ஒன்று நின்று ஒன்று ஓடுமா?

தறிச்சத்தம்:

அண்ணா, இரண்டு பின் வேண்டவே வேண்டாம், இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் உள்ளே மெயின்ஸ் ஒயரிலிருந்து அதன் இரும்பு உடம்புக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போயிருக்கும், இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவதற்காக. எர்த் இல்லாவிட்டால் அந்த உடம்பு ஏறக்குறைய பாதி மெயின்ஸ் வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. தொட்டால் எறும்பு கடிப்பதுபோல் கிள்ளும், டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரியும். உங்கள் அமைப்பில் அந்த உடம்பின் கிரவுண்ட், சாட்டா ஒயர் வழியாக டைனியின் கிரவுண்டோடு சேர்கிறது. கரண்ட் இருக்கும்போது ஒரு சாட்டா ஒயரைச் செருகினால், அந்த மிதக்கிற வோல்ட் போய் இறங்குகிற இடம் உங்கள் கன்ட்ரோலர் சிப். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒழுங்கான எர்த்தோடு ஒரே ஒரு மூன்று பின் பாயின்ட் அலமாரிப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். டைனி, எஸ்எம்பிஎஸ், ரௌட்டர் எல்லாம் அந்த ஒரே பாயின்ட்டின் ஸ்ட்ரிப்பில் இருக்கட்டும்.

இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், பல இன்வெர்ட்டரில் உண்டு. சாதாரண மோடில் மாறுகிற நேரம் அதிகம், ஃபேன் லைட்டுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் முழு லோடில் 16 மில்லி செகண்ட் அளவுதான் மூச்சைப் பிடித்து நிற்கும், உங்கள் லோடு குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். டைனி நின்று டிஸ்க் ஓடினால் பிரச்சினையில்லை. டிஸ்க் அணைந்து டைனி ஓடினால்தான் வம்பு, பாதி எழுதிய ஃபைல். அதனால் என் கட்சி, ஒரு சின்ன 600 விஏ யூபிஎஸ் தனியாக வைத்து இரண்டையும் அதில் மாட்டுவது. யூஎஸ்பி ஒயர் உள்ள யூபிஎஸ் வாங்கினால் பேட்டரி தீரும்போது மெஷினே ஒழுங்காக ஷட் டவுன் ஆகும். பயாஸில் மின்தடைக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் பவர் ஆன் என்று வைத்துவிடுங்கள்.

யாழ்_நெய்தல்:

அண்ணை, குறுக்கே வாறதுக்குக் குறை நினைக்க வேண்டாம். இவ்வளவு வெட்டி ஒட்டுவதை விட, நாலு வன்தட்டு உள்ளுக்கே வைக்கிற சின்னப் பெட்டியைப் பழையதாக எடுத்தால் என்ன? நான் எச்பி மைக்ரோசர்வர் ஜென்8 ஒன்றைக் கனகாலமாக வைத்திருக்கிறேன். 2013-இல் வந்த மொடல். நாலு தட்டு, முன்பக்கம் ஒரு கதவு, 150 வாட் மின்வழங்கி உள்ளுக்கே. மேசையில் ஒரு சதுரப் பெட்டி, அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் இரண்டு தட்டு 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். வன்தட்டுக்கு அது போதும். மெமரி 16 ஜிபிக்கு மேல் ஏறாது. சிஸ்டத்துக்கு ஐந்தாவதாக ஒன்று போட வேண்டுமென்றால், சிடி டிரைவுக்கு விட்ட சாட்டா போர்ட்டைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வருவதோ பழைய ஃபிளொப்பி டிரைவின் சின்னக் கனெக்டரில், மாற்று ஒயர் தேடித்தான் வாங்கினேன். அதோடு தட்டுகளை ஏஎச்சிஐ முறையில் (ஒவ்வொன்றும் தனித்தனி வன்தட்டாக) வைத்தால் அந்த ஐந்தாவதிலிருந்து நேரே பூட் ஆகாது. உள்ளுக்கு இருக்கிற மைக்ரோ எஸ்டி அட்டையில் பூட் லோடரை வைத்து, அங்கிருந்து தாவ விட்டிருக்கிறேன். ஒருமுறை செய்துவிட்டால் பிறகு மறந்துவிடலாம்.

தறிச்சத்தம்:

யாழ் நண்பர் சொல்வது நியாயமான வழி, கிடைத்தால் நானும் ஒன்று வாங்குவேன். ஆனால் அண்ணாவிடம் டைனி ஏற்கெனவே இருக்கிறது. எட்டாம் தலைமுறை இன்டெல், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற வேலையைப் பிராசஸரின் கிராஃபிக்ஸ் பகுதியே செய்துவிடும். டேப்பிலிருந்து இறக்கியதை அந்தப் பிள்ளைகளின் ஃபோனுக்கு அனுப்பச் சின்னதாக்க வேண்டுமே, அந்த வேலைக்கு 2013 மெஷின் திணறும்.

கும்பகோணம்_வீடியோ:

எல்லாம் வந்துவிட்டது. எர்த் பாயின்ட் இழுத்தாயிற்று. ரைசர் கச்சிதமாக உட்கார்ந்தது, கார்டு தெரிகிறது. டிரைவ் கேஜ் தாராசுரம் போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கொடுத்தார்கள்! ரிலே என் பழைய எடிட்டிங் ரூம் பையன் சால்டர் செய்து கொடுத்தான். மெஷினை ஆன் செய்தால் டக் என்று ஒரு சத்தம், ஃபேன் சுற்றுகிறது, 4 டிபி இரண்டும் வந்துவிட்டன.

8 டிபி இரண்டும் மட்டும் வரவில்லை. யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்துத்தான் மாட்டினேன். கையை வைத்துப் பார்த்தால் சுற்றுவதே இல்லை, அதிர்வு இல்லை. போர்ட் மாற்றிப் பார்த்தேன், ஒயர் மாற்றிப் பார்த்தேன். அதே டிஸ்க்கைப் பழைய பெட்டியின் போர்டில் திரும்ப மாட்டினால் சுற்றுகிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தறிச்சத்தம்:

பயப்படாதீர்கள் அண்ணா, டிஸ்க் நன்றாக இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து எடுக்கிற டிஸ்க்கில் இது அடிக்கடி வருவதுதான். சாட்டா பவர் கனெக்டரில் பதினைந்து பின். முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கியவை, சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப் பயன்படுத்துவதே கிடையாது. பிற்பாடு வந்த சாட்டா விதியில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். சர்வர் அறையில் ஒரு டிஸ்க்கை மட்டும் தூரத்திலிருந்து அணைத்து எழுப்புவதற்காக. உங்கள் எஸ்எம்பிஎஸ் பழைய வழக்கப்படி அங்கே எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கிறது, டிஸ்க் கீழ்ப்படிந்து தூங்குகிறது. யூஎஸ்பி பெட்டியின் போர்டு 3.3 கொடுப்பதில்லை, அதனால் அதில் சுற்றுகிறது.

செல்ஃபோன் ரிப்பேர் கடையில் மஞ்சள் நிறமாக ஒரு சூடு தாங்கும் டேப் இருக்கும், கேப்டான் டேப் என்பார்கள். ஒரு சின்னக் கீற்று வாங்கி, டிஸ்க்கின் பவர் பகுதியில் முதல் மூன்று தங்கக் கோடுகளையும் மூடி ஒட்டுங்கள். சாட்டா டேட்டா கனெக்டருக்குப் பக்கமாக இருக்கிற முனைதான் முதல் பின். செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி வழியும். இல்லையென்றால் இன்னொரு வழி, எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து கிரிம்ப் ரக மாற்று ஒயர். மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆரஞ்சு ஒயரை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு, ஆனால் எஸ்எம்பிஎஸ் வாரண்டி போய்விடும்.

கும்பகோணம்_வீடியோ:

டேப் ஒட்டினேன், இரண்டும் சுற்ற ஆரம்பித்துவிட்டன! நான்கும் தெரிகின்றன. ஓப்பன்மீடியாவால்ட் என்கிற, டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் பகிர்கிற லினக்ஸ் சிஸ்டம் போட்டிருக்கிறேன்.

இப்போது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கிற ரெய்டு எது போடுவது? பையன் ரெய்டு 5 என்கிறான். இன்னொன்று, மூன்றாவது டிஸ்க்கில் ஸ்மார்ட் பக்கத்தில் 199 என்ற எண்ணுக்கு நேராக சிஆர்சி எரர் ஏறிக்கொண்டே போகிறது. மற்ற மூன்றிலும் பூஜ்யம்.

தறிச்சத்தம்:

199 என்றால் டிஸ்க்குக்கும் கார்டுக்கும் நடுவே போகிற வழியில் எழுத்து சிதைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் டேட்டா ஒயர்தான். அதை மாற்றுங்கள், பவர் ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். ஏறிய எண் இறங்காது, அதைப் பார்த்து மிரள வேண்டாம். இப்போதிருக்கிற எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய எண்கள் 5-உம் 197-உம். அவை பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் அந்த டிஸ்க்கிலிருந்து முதலில் காப்பி எடுங்கள், பிறகு பேசலாம்.

ரெய்டு 5 உங்கள் வேலைக்குப் பொருந்தாது. நான்கையும் 4 டிபி அளவாகத்தான் அது எண்ணும், 12 டிபிதான் கிடைக்கும். ஒரு கல்யாணத்தைப் பார்க்க நான்கு டிஸ்க்கும் எழுந்து சுற்ற வேண்டும். இரண்டு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு. உங்களுடையது ஒருமுறை எழுதினால் பிறகு மாறாத ஃபைல்கள். அதற்கென்றே ஸ்னாப்ரெய்டு இருக்கிறது. 8 டிபி ஒன்றைப் பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்கிற கணக்குக்கு, ஒதுக்குங்கள், பாரிட்டி டிஸ்க் மற்றவற்றில் பெரியதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். மீதி 4, 4, 8 சேர்ந்து 16 டிபி. மெர்ஜர்எஃப்எஸ் போட்டால் மூன்றும் ஒரே ஃபோல்டராகத் தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகச் சாதாரண ஃபைல் சிஸ்டம்தான். மெஷின் செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்கலாம். டேப் இறக்கி முடித்த அன்றைக்கு இரவு சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கிற வேலை) ஓட விடுங்கள், சிங்க் ஓடும்வரை புது ஃபைலுக்குப் பாதுகாப்பு இல்லை. மாதம் ஒருமுறை ஸ்க்ரப், அதாவது எழுதியது கெடாமல் இருக்கிறதா என்கிற சரிபார்ப்பு.

பாரிட்டி என்பது டிஸ்க் போனால் காப்பாற்றும், கை தவறி அழித்து அதன் பிறகு சிங்க்கும் ஓடிவிட்டால் காப்பாற்றாது. அதனால் மினிடிவி இறக்கியதை மட்டுமாவது இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துத் தங்கை வீட்டிலோ மச்சான் வீட்டிலோ வையுங்கள். மதுரை நண்பரின் டாக் அதற்குத்தான்.

மதுரை_மல்லி:

கடைசியில் என் டாக்குக்கும் ஒரு வேலை கிடைத்தது, சந்தோஷம். அந்த டாக்கில் எழுதி முடித்த பிறகு அன்மவுன்ட் செய்யாமல் ஒயரைப் பிடுங்காதீர்கள் சார்.

கும்பகோணம்_வீடியோ:

ஒயர் மாற்றியதும் 199 நின்றுவிட்டது. முதல் சிங்க் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் சூடு 43 டிகிரி காட்டுகிறது, மதிய நேரம், ஏசி இல்லாத கூடம். பரவாயில்லையா?

தறிச்சத்தம்:

சிங்க் ஓடும்போது 43 பரவாயில்லை. 50 தாண்டினால் கேஜைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், அலமாரிக் கதவு இருந்தால் பின்பலகையில் ஓட்டை போடுங்கள். சிங்க் முடிந்ததும் ஒரு வேலை: மெஷினை அணைத்துவிட்டு ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு எழுத்தை மார்க்கரால் கேஜின் முன்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு டிஸ்க் போகும்போது எதைக் கழற்றுவது என்று தெரிய வேண்டும்.